ரீஃப் தொட்டியின் தண்ணீர் என்னைப் பாடாய்ப் படுத்திய கதை

மீன் செத்தால் மறுநாள் காலையில் தெரிந்துவிடும். பவளம் அப்படியில்லை, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், நாம் தினமும் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் பவளம் வளர்க்கும் என் உப்புநீர்த் தொட்டியில் (ரீஃப் தொட்டி) முதலில் ஹேமர் என்ற வகைப் பவளம் விரிவதை நிறுத்தியது. அப்புறம் ஆக்ரோபோரா என்ற கிளைப் பவளங்களின் அடிப்பகுதி வெளுத்து, அந்த வெள்ளை மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. அதுவரை ஒரு வருடத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிய தொட்டி. விளக்கை மாற்றவில்லை, புதிய மீன் விடவில்லை, உப்பும் அதே உப்புதான். நேரில் வந்து பார்த்துச் சொல்ல ஆள் யாரும் இல்லை, விசாரித்தவர்கள் ஆளுக்கொரு புட்டியை வாங்கி ஊற்றச் சொன்னார்கள். அடுத்த பல மாதங்களில் கரைந்த பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலையாகச் சோதனைக் கிட் கொண்டு தண்ணீரைச் சோதித்தேன். ஆல்கலினிட்டி (தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் இருப்பு, டிகேஎச் அதன் அலகு) 6.5 டிகேஎச், கால்சியம் 375 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1190 பிபிஎம். இயற்கையான கடல்நீரில் ஆல்கலினிட்டி சுமார் 7, கால்சியம் 410 முதல் 420, மெக்னீசியம் 1300 சொச்சம் இருக்கும். வளரும் பவளத் தொட்டியில் ஆல்கலினிட்டியை 8-லிருந்து 9-க்குள் வைத்திருப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். ஆக, மூன்றும் குறைவு. பவளம் தன் எலும்பைக் கட்ட கால்சியத்தையும் கார்பனேட்டையும் தண்ணீரிலிருந்து உறிஞ்சுகிறது, பவளம் வளர்ந்துவிட்டது, உறிஞ்சுவது அதிகமாகிவிட்டது, நாம் ஈடு கொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது. கேட்டவர்களும் அதையே சொன்னார்கள். கால்சியம் குளோரைடு கரைசல் ஒன்று, ஆல்கலினிட்டிக்கு சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைசல் ஒன்று, இரண்டையும் வாங்கி ஊற்ற ஆரம்பித்தேன். மெக்னீசியத்தை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை.

கால்சியம் 450 வரை ஏறியது. ஆல்கலினிட்டி மட்டும் ஏறுவேனா என்றது. இன்று ஊற்றினால் 8, நாளை மறுநாள் பார்த்தால் 7. இன்னும் ஊற்றினேன். இதற்கிடையே ஹீட்டரின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு படிய ஆரம்பித்தது, மணல் அங்கங்கே கட்டி கட்டியாக இறுகியது, தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் ஒரு நாள் கரகரவென்று சத்தம் போட்டு நின்றேவிட்டது. கழற்றிப் பார்த்தால் ரோட்டர் முழுக்கச் சுண்ணாம்பு. நான் காசு கொடுத்து வாங்கிய கால்சியமும் கார்பனேட்டும் பவளத்துக்குப் போகாமல் பம்புக்குள் கல்லாகிக்கொண்டிருந்தன. இங்கேதான் மெக்னீசியத்தின் வேலை இருக்கிறது. பவளம் வாழும் கடல்நீர் பொதுவாகக் கால்சியம் கார்பனேட்டைத் தாங்கும் அளவுக்கு மேல் வைத்திருக்கிற நீர். அது சும்மா படிந்துவிடாமல் தடுப்பதில் மெக்னீசியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. படிகம் உருவாகத் தொடங்கும்போது மெக்னீசியம் அதன் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைக் கெடுக்கிறது. மெக்னீசியம் குறைந்து, மற்ற இரண்டும் கூடினால், சூடான ஹீட்டரும் பம்பும்தான் முதலில் கல்லாகும். ஊற்ற ஊற்ற ஆல்கலினிட்டி இறங்குகிறது, ஹீட்டரில் பொருக்கு இருக்கிறது என்றால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மெக்னீசியத்தைப் பாருங்கள். பொருக்கு படிந்த பம்பை வினிகரில் ஊறவைத்தால் கழன்றுவிடும், புதிது வாங்க ஓட வேண்டியதில்லை. எனக்கு இது தெரிவதற்குள் புதிது வாங்கியாகிவிட்டது.

ஒருநாள் அவசரத்தில் இரண்டு கரைசலையும் அடுத்தடுத்து ஒரே மூலையில் ஊற்றியதும் தொட்டி முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துப்போனது. மீன்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. நெஞ்சு படபடத்தது உண்மை. ஆனால் இந்த மேகம் பார்க்கிற அளவுக்கு ஆபத்து இல்லை. அது கால்சியம் கார்பனேட் தூள், ஒரு நாளில் படிந்துவிடும் அல்லது ஃபில்டர் பஞ்சில் சிக்கிவிடும். அந்த நேரத்தில் சோதித்தால் ஆல்கலினிட்டியும் பிஎச்சும் (அமில, காரத் தன்மையின் அளவு) இறங்கியிருக்கும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி ஊற்றுவதுதான் ஆபத்து. தண்ணீர் தெளியட்டும், மறுநாள் சோதியுங்கள். இரண்டு கரைசலையும் வெவ்வேறு நேரத்தில், நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில், மெதுவாக விட்டால் இந்த வம்பே வராது.

பிஎச் கதை தனி. மாலையில் பார்த்தால் 7.9, விடியற்காலையில் 7.7. 8.2 இருக்க வேண்டுமே என்று ஒரு பிஎச் பஃபர் டப்பா வாங்கினேன். போட்டால் ஏறும், சில மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். பிறகுதான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன், உள்ளே இருப்பது கார்பனேட்டும் பைகார்பனேட்டும். அதாவது பிஎச் ஏற்றுகிறேன் என்ற பெயரில் இன்னும் இன்னும் ஆல்கலினிட்டியைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுத் தொட்டியில் பிஎச் குறைவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அறைக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு. வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம். ஜன்னல் சாத்திய அறையில் நாலு பேர் மூச்சு விட்டால் 1000-ஐச் சுலபமாகத் தாண்டும். ரீஃப் வேதியியலைப் பற்றி நிறைய எழுதியிருக்கும் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி என்ற வேதியியலர் இதற்கு ஒரு எளிய சோதனை சொல்லுகிறார். ஒரு கோப்பைத் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்கு வெளியே ஏர் பம்பால் ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். பிஎச் நன்றாக ஏறினால் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் என்று அர்த்தம். இன்னொரு கோப்பையை அறைக்குள்ளேயே வைத்து அதே மாதிரி செய்யுங்கள். அதிலும் ஏறினால் தொட்டிக்குக் காற்றோட்டம் போதவில்லை, ஏறாவிட்டால் அறைக் காற்றுதான் பிரச்சினை. எனக்கு அறைக் காற்று. நுரை கிளப்பித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டதும் பிஎச் 8.1-ஐத் தொட்டது. ஒரு முழம் குழாய்க்கு ஆன செலவு அந்த பஃபர் டப்பாவின் மூடிக்குக்கூடக் காணாது.

இவ்வளவுக்கும் பவளம் தேறவில்லை. கண்ணாடியில் பாசி கொஞ்சம் தெரிந்ததால் பாஸ்பேட்டைக் குறைக்க இரும்பு ஆக்சைடு துகள் போட்ட ரியாக்டர் (தண்ணீரைத் துகள் வழியாக ஓடவிடும் குழாய்) ஒன்றையும் மாட்டியிருந்தேன். சில நாளில் பாஸ்பேட் மீட்டர் 0 காட்டியது, சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரம் ஆக்ரோபோராவின் நுனிகள் கருகியது போல வெளுத்தன, மணல் மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒன்று குமிழிகளோடு படர்ந்தது. டைனோஃபிளாஜெலேட் என்ற ஒருசெல் நுண்ணுயிர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் துடைத்து எடுத்த தொட்டிகளில் அடிக்கடி வருகிற தலைவலி இது. அதைத் தின்ற நத்தைகள் வரிசையாகச் செத்தன. ஆல்கலினிட்டி உயரமாகவும் சத்து (நைட்ரேட், பாஸ்பேட்) பூஜ்யமாகவும் இருந்தால் ஆக்ரோபோராவின் நுனி கருகும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாரும் சொல்வது. எனக்கு அப்போது குழப்பம் என்னவென்றால், என் கிட் ஆல்கலினிட்டி 9 என்றுதானே சொல்கிறது, 9 ஒன்றும் உயரம் இல்லையே? (பாஸ்பேட் மீட்டர் பற்றி ஒரு வார்த்தை: சில மீட்டர்கள் பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் இத்தனை பங்கு) கணக்கில் காட்டும். அதை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் வரும். 5 என்று காட்டினால் சுமார் 0.015 பிபிஎம், அந்த மீட்டரின் பிழை அளவே ஏறத்தாழ அவ்வளவு. கண்ணாடிக் குப்பியில் விரல் ரேகை இருந்தாலும் எண் மாறும்.) ரியாக்டரை நிறுத்தி, மீனுக்குத் தீனியைக் கூட்டி, பாஸ்பேட்டை 0.05 பக்கமும் நைட்ரேட்டை 5 பக்கமும் கொண்டுவந்த பிறகு அந்தச் சளி மெல்ல விலகியது. மெல்ல என்றால் மாதக்கணக்கில்.

வெறுத்துப்போய் தொட்டியையே கலைத்துவிடலாம் என்று இருந்த சமயத்தில், ஒரு தடவை தண்ணீர் மாற்றுவதற்காகக் கரைத்து வைத்திருந்த புது உப்புத் தண்ணீரைச் சும்மா சோதித்துப் பார்த்தேன். தொட்டிக்குள் போகாத தண்ணீர், அதில் எந்தப் பவளமும் எதையும் உறிஞ்சவில்லை. உப்பு வாளியின் மேல் 35 பிபிடி உப்புத்தன்மையில் (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) கால்சியம் 420, மெக்னீசியம் 1330, ஆல்கலினிட்டி 9 என்று போட்டிருக்கிறது. எனக்குக் கிடைத்தது 377, 1193, 6.5. முதல் நாள் தொட்டியில் பார்த்த அதே எண்கள்! அப்படியென்றால் என் பவளங்கள் எதையும் தீர்த்துவிடவில்லை, நான் ஊற்றுகிற தண்ணீரே அப்படித்தான் இருந்திருக்கிறது. இதை முதல் வாரமே செய்திருந்தால் என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை.

கால்சியமும் மெக்னீசியமும் ஒரே விகிதத்தில், இரண்டுமே சுமார் 10 சதவீதம் குறைவு. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் உப்பின் கலவையைச் சந்தேகப்படலாம், எல்லாம் ஒரே அளவில் குறைந்தால் உப்பே குறைவாகக் கரைந்திருக்கிறது என்று பொருள். ஆனால் உப்புத்தன்மையை ஒளிவிலகலை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்டுகிறதே? அப்போதுதான் ஞாபகம் வந்தது, பழைய ரிஃப்ராக்டோமீட்டர் கீழே விழுந்து உடைந்து புதிது வாங்கியிருந்தேன், ஹேமர் சுருங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. கூடவே வந்த தாளில் சுத்தமான தண்ணீரை விட்டு 0-வில் நிறுத்தச் சொல்லியிருந்தது, ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்துவந்தேன். 35 பிபிடி என்று குறிப்பிட்டு விற்கிற அளவுத் திரவம் ஒரு புட்டி வாங்கி விட்டுப் பார்த்தால் கருவி 39 காட்டுகிறது. 0-வில் சரியாக நிற்கிற கருவி 35-இல் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மலிவான ரிஃப்ராக்டோமீட்டர்கள் பல, சமையல் உப்புக் கரைசலுக்கான அளவுகோலோடு வருகின்றன. அதில் 35 பிபிடி கடல்நீர் 36.5 பக்கம் காட்டும், அது போக கருவியின் சொந்தக் கோளாறு வேறு. கணக்குப் போட்டால் நான் 35 என்று நினைத்தது உண்மையில் 31.4. தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல் வாராவாரம் கொஞ்சமாக மாற்றியதால் உப்புத்தன்மையும் கொஞ்சம் கொஞ்சமாகவே இறங்கியிருக்கிறது, அதனால்தான் புதுக் கருவியோடு இதை முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

அளவுத் திரவம் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். 36.5 கிராம் சுத்தமான சமையல் உப்பை (சோடியம் குளோரைடு), வேறெதுவும் கலக்காத உப்பை, 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால் ஒளிவிலகலில் அது 35 பிபிடி கடல்நீருக்குச் சமம். அதை விட்டுக் கருவியை 35-இல் நிறுத்துங்கள். தராசு மட்டும் நம்பகமாக இருக்க வேண்டும். மிதவை ஊசி வைத்த ஹைட்ரோமீட்டர் என்றால் ஊசியில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறதா பாருங்கள், ஒரு குமிழி போதும் அதைக் கெடுக்க.

இன்னொன்று மிச்சம் இருந்தது. உப்பு 10 சதவீதம் குறைவு என்றால் ஆல்கலினிட்டி 8 சொச்சம் இருக்க வேண்டும், கிட் 6.5 என்கிறது. இந்த மூன்றாவது எண் கணக்கில் உட்காரவில்லை. சரி, கிட்டையும் சோதித்துவிடலாம் என்று சமையல் சோடாவை எடுத்தேன். 3 கிராம் சமையல் சோடாவை 1 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால் 100 டிகேஎச். அதில் 100 மில்லியை எடுத்து மறுபடி 1 லிட்டராக்கினால் 10 டிகேஎச். பேக்கிங் பவுடர் உதவாது, சமையல் சோடாவாகவே இருக்க வேண்டும். என் கிட் இந்த 10-ஐ 8 என்றது. காரணம் யோசித்தால் எளிது. அந்தக் கிட்டில் சொட்டுச் சொட்டாக விடுவது ஒரு அமிலம். மூடி சரியாக இறுகாமல் மாதக்கணக்கில் இருந்த புட்டியில் தண்ணீர் ஆவியாகி அமிலம் கெட்டியாகிவிட்டது, கெட்டியான அமிலம் குறைந்த சொட்டிலேயே நிறத்தை மாற்றிவிடும், எண் குறைவாக வரும். ஆக கிட் 9 என்று சொன்ன நாட்களில் தொட்டியில் 11-க்கு மேல். கருகிய நுனிகளுக்கும் கல்லான பம்புக்கும் விடை கிடைத்துவிட்டது. ஆரம்பத்தில் ஆல்கலினிட்டி குறையவே இல்லை, நான் அதற்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் யாராவது பவளம் சுருங்குகிறது என்று சொன்னால் இப்போது நான் முதலில் கேட்பது உப்புத்தன்மையை எதை வைத்து அளந்தீர்கள், அந்தக் கருவியை எதை வைத்துச் சரிபார்த்தீர்கள் என்பதுதான். மற்ற எல்லா எண்ணும் அதன் மேல்தான் நிற்கிறது. அடுத்தது, கிட்டின் காலாவதித் தேதி. அப்புறம் புதிதாகக் கரைத்த தண்ணீரை ஒருமுறை சோதித்தீர்களா? வெளியே ஆய்வகத்துக்கு அனுப்பி, தண்ணீரில் உள்ள தனிமங்களை அளக்கச் செய்கிற ஐசிபி சோதனையும் நல்லதுதான், செம்பு, தகரம் மாதிரி உலோகங்கள் மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். துருப்பிடித்த காந்தமோ கிளாம்போ தொட்டிக்குள் இருந்தால் அதில் தெரியும். ஆனால் முடிவு வர நாளாகும், அதுவரை தொட்டி காத்திருக்காது. நான் அனுப்பிப் பார்த்தபோது உலோகம் எதுவும் இல்லை, உப்புத்தன்மை குறைவு என்று நான் ஏற்கெனவே கண்டுபிடித்ததை உறுதி செய்தது, அவ்வளவே.

திருத்தியது இப்படி. எல்லாப் புட்டியையும் நிறுத்தினேன். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக வழக்கமாக ஆர்ஓ தண்ணீர் விடுவோம் இல்லையா, அதற்குப் பதிலாகச் சரியாகக் கரைத்த உப்புத் தண்ணீரை விட்டு, நாளுக்கு அரை பிபிடிக்கு மேல் போகாமல் மெதுவாக 35-க்கு ஏற்றினேன். உப்பு ஏற ஏற மெக்னீசியம் தானாக 1300-ஐத் தாண்டியது, அதற்கென்று எதுவும் வாங்கவில்லை. கால்சியம் கொஞ்சம் அதிகமாகவே நின்றது, அதை அப்படியே விட்டுவிட்டேன். ஆல்கலினிட்டியைப் பவளங்களே உறிஞ்சி 8.5-க்குக் கொண்டுவரட்டும் என்று கை வைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இதில் மிகக் கஷ்டமான பகுதி, சத்தியமாகச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான உறிஞ்சும் அளவைக் கணக்கிட்டேன். சில நாள் எதுவும் ஊற்றாமல், தண்ணீரும் மாற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை மட்டும் அளக்க வேண்டும். நேரம் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். நாளுக்கு 0.7 டிகேஎச் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சமையல் சோடா வேண்டும், அப்படியென்றால் 300 லிட்டருக்கு 0.7 ஏற்ற 6.3 கிராம். பவளம் எலும்பு கட்டும்போது 2.8 டிகேஎச்சுக்கு 20 பிபிஎம் கால்சியம் என்ற விகிதத்தில் எடுக்கும், ஆகவே அதே நாளில் கால்சியம் 5 பிபிஎம்தான் இறங்கும். வீட்டுக் கிட்டில் 5 பிபிஎம் வித்தியாசம் தெரியவே தெரியாது. அதனால் கால்சியத்தைத் தினமும் அளப்பது வீண் வேலை. ஆல்கலினிட்டியை அடிக்கடி, கால்சியத்தை வாரம் ஒருமுறை, மெக்னீசியத்தை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். என்ன குறைந்தாலும் ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். உப்பு பிராண்டு மாற்றினாலும் இதைக் கவனியுங்கள், சில உப்பு 7 டிகேஎச்சில் வரும், சில 11, 12-இல் வரும், பெரிய அளவில் தண்ணீர் மாற்றினால் அதுவே ஒரு அதிர்ச்சி.

ஹேமர் பவளம் முதலில் தேறியது, உப்பு சரியான சில வாரத்தில் பழையபடி விரிந்தது. ஆக்ரோபோராவில் பாதிக்கு மேல் போய்விட்டன. அடியிலிருந்து வெள்ளை ஏறிக்கொண்டிருந்தால் தண்ணீர் சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள், நான் காத்திருந்து இரண்டு நல்ல பவளங்களைப் பறிகொடுத்தேன். வெள்ளைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலே, நிறம் நன்றாக இருக்கிற இடத்தில் வெட்டி, நுனிகளைத் தனித்தனிக் கல்லில் ஒட்டி, வெளிச்சம் சற்றுக் குறைவான இடத்தில் வையுங்கள். இப்போது என் தொட்டியில் இருக்கும் ஆக்ரோபோராக்கள் எல்லாம் அப்படி வெட்டி ஒட்டியவைதான்.